மணிக்கட்டு உடைந்த ஆட்டக்காரர்

பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஒரு பச்சைக் கதவு வரும். அதற்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார் அவர். எலும்பை இழுத்து நேராக வைப்பது டாக்டர். வைத்த இடத்தில் அது அசையாமல் இருக்கும்படி பஞ்சைச் சுற்றி, வெந்நீரில் நனைத்த கட்டுத்துணியை அதன்மேல் சுற்றி, உள்ளங்கையால் நீவிவிடுவது இவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கைராசிக்காரர் என்று பெயர்.

அந்த அறைக்குள் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட சேதி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மாடிப்படியில் உருண்டு முழங்காலைச் சுக்கலாக்கிக்கொண்டு வந்தவரிடமும், “ஆறு வாரம், அப்புறம் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கலாம்” என்பார். கட்டைப் பிரிக்கும்போது ரம்பத்தைப் பார்த்து நடுங்குகிறவர்களுக்கு, அதைத் தன் உள்ளங்கையிலேயே ஓட்டிக் காட்டுவார். அந்த ரம்பம் அதிரும், தோலை வெட்டாது. அந்த அறையில் அவர் பூசி மெழுகாமல் சொல்லும் உண்மை அது ஒன்றுதான் என்று அவர் மனைவி கேலி செய்வாள். நம்பிக்கையோடு போகிறவனுக்கு எலும்பு சீக்கிரம் கூடும் என்பது அவர் கட்சி.

நாலு மணிக்கு வேலை முடிந்து கேன்டீனுக்குப் போனால் ஆளே வேறு. மூலை மேசையில் கூடும் கூட்டத்துக்குப் பந்துக் கமிட்டி என்று பெயர். ஆம்புலன்ஸ் டிரைவர், லிஃப்ட் ஆபரேட்டர், ரத்தம் எடுக்கும் அக்கா, வேனில் காய்கறி கொண்டு வந்து போடும் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, அப்புறம் அவர். ஐந்து பேருக்கும் கூடைப்பந்து லீக் என்றால் உயிர். ஊரின் அணி தோற்றால் அன்று லிஃப்ட்கூட மெதுவாகத்தான் ஏறும். மேசையில் கூட முடியாத நேரத்துக்கு ஃபோனில் ஒரு குழு இருந்தது. அங்கே வாய் ஓயவே ஓயாது.

இந்த சீசன் முழுக்கச் சண்டை ஒரே ஆளைப் பற்றித்தான். ஒன்பது வருடமாக நடுவில் நின்று ஆடிய சென்டர், நாற்பத்திநாலாம் நம்பர். முழங்கால் போய்விட்டது. அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்களை வாங்க நிர்வாகம் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

“கொடுத்துடணும்” என்றார் டிரைவர். “தூரத்துலேர்ந்து மூணு பாயிண்ட் போடறவன் ரெண்டு பேர் கிடைக்கறானுங்க. இன்னும் என்ன யோசனை?”

“பழைய சோபாவைத் தள்ளிவிடற மாதிரி பேசாதீங்க” என்றார் லிஃப்ட்காரர். அவருக்குக் குரல் தழுதழுத்தது. “ஒம்பது வருஷம் நமக்காக ஓடின காலு அது.”

“ஓடினது சரி. இனிமே ஓடுமா? அதைக் கேளுங்க” என்றாள் ரத்தம் எடுக்கும் அக்கா.

எல்லோரும் கட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். காயம் என்று வந்துவிட்டால் அவர் வாக்குதான் தீர்ப்பு. அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். “ஓடும். குதிக்காது. இருபது நிமிஷத்துக்கு மேல ஆட வெச்சா வீங்கும். முதல் அஞ்சு பேர்ல அவரைப் போடறது அவருக்கே கெடுதல். பெஞ்ச்லேர்ந்து இறக்கினா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். அதை அவர்கிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல, அவ்வளவுதான்.”

லிஃப்ட்காரர் முகம் தொங்கிப்போனது. ஆனால் மறுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் கட்டுக்காரர் சொன்ன வாரக் கணக்கு தப்பியது இரண்டே தடவை. யாரோ முன்பின் பார்த்திராத ஆட்டக்காரரின் முழங்காலுக்குக் காட்டிய நேர்மையை, கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்குக் காட்ட அவருக்கு மனசு வராது. விசித்திரம்தான். ஆனால் நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவருடைய மனைவி கடைத்தெரு பேக்கரியில் கேக்கின் மேல் எழுதுகிறவள். பத்தொன்பது வருட வேலை. க்ரீம் நிரப்பிய கூம்பை வலது கையில் பிடித்து, ஒரே அழுத்தமாக அழுத்திக்கொண்டு போனால் எழுத்து முத்து முத்தாக இறங்கும். ஒரு வருடம் அணி கோப்பை ஜெயித்தபோது கேக் வாங்கப் போன இவர், கண்ணாடிக்குப் பின்னால் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். முகத்தைப் பிறகுதான் பார்த்தார். அதற்குப் பிறகு அடுத்தடுத்து நாலு கேக் வாங்கினார். அந்த வருடம் அணி அதற்கு மேல் ஒன்றையும் ஜெயிக்கவில்லை, ஆனாலும் வாங்கினார். கல்யாணமாகிப் பதினேழு வருடமாகிறது.

பதினோரு வாரத்துக்கு முன்னால், பேக்கரியின் பின்கட்டில் ஈரத்தரையில் வழுக்கி அவள் அந்தக் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து இவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினார். மூட்டுக்குள்ளேயே நொறுங்கியிருந்தது. “எவ்வளவு வரும்னு பார்க்கலாம். பழைய பிடி முழுசா வர்றது கஷ்டம்” என்றார். இவர் பச்சைக் கதவுக்குள் போய், தன் கையாலேயே அவளுக்குப் பஞ்சு சுற்றிக் கட்டும் போட்டார். நீவிவிடும்போது விரல் நடுங்கியது. “எத்தனை வாரம்?” என்று அவள் கேட்டாள். “ஆறு வாரம். அப்புறம் பழைய மாதிரி எழுதலாம்” என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆறு வாரம் போய்க் கட்டைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஒரு நீல ரப்பர் பந்தை அவள் தினம் முந்நூறு தடவை அமுக்கினாள். சத்தமாக எண்ணுவாள். காலையில் அவர் பல் தேய்க்கும்போது நூற்றிப் பத்து, சட்டை மாட்டும்போது இருநூறு. ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பியவர், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மைதா கரைசலைக் கூம்பில் நிரப்பி எவர்சில்வர் தட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எழுத்து நன்றாக வந்தது. மூன்றாவதில் கோடு நடுங்கி, விரல்கள் தானாக விரிந்துகொண்டன. அவரைக் கண்டதும் தட்டைக் குழாயடியில் நீட்டினாள்.

“நான்தான் ஒழுங்கா பயிற்சி பண்ணல” என்றாள். “நாளைலேர்ந்து நானூறு பண்றேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பண்ணு பண்ணு, வந்துடும்” என்றுவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

இப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் பேக்கரி முதலாளியம்மா அந்தத் திங்கட்கிழமை ஒரு யோசனை சொன்னார். ஆர்டர் மேசைக்கு ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது கேக். எது எந்த அடுப்பில் எப்போது ஏற வேண்டும், யார் கையில் எதைக் கொடுத்தால் நேரத்துக்கு முடியும் என்று தெரிந்த ஆள். வருகிறாயா என்று அவளைக் கேட்டார். எழுதும் வேலைக்கே திரும்புவதானால் அதையும் சொல்லிவிடு, சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இரண்டு நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது என்றார்.

“கை சரியாயிடும்னா நான் ஏன் மேசைக்குப் போகணும்?” என்று அவள் இவரிடம் கேட்டாள். “நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தானே தெரியும்.”

“இன்னும் ரெண்டு வாரம் பாரேன்” என்றார் அவர்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, குழுவில் மச்சானிடமிருந்து ஒரு சேதி வந்தது. “ஒரு சந்தேகம் மாமா. ரெண்டாவது லீக்ல ஒரு பிளேயர். நம்ம டீம் வாங்கப் போறதா பேச்சு. வலது மணிக்கட்டு மூட்டுக்குள்ள நொறுங்கிடுச்சு. ஆறு வாரம் கட்டு, பிரிச்சு அஞ்சு வாரம். முஷ்டி முழுசா மூடல. அழுத்திப் பிடிச்சா நடுங்குது. நம்பி வாங்கலாமா?”

அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முட்டிக்கும் முழங்கைக்கும் வித்தியாசம் தெரியாத மச்சான் இவ்வளவு துல்லியமாக எழுதுகிறானே என்று யோசித்திருக்க வேண்டும். இப்படி ஓர் ஆட்டக்காரரை நாம் கேள்விப்பட்டதே இல்லையே என்றாவது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்படுகிறவருக்கு, “தெரியாது” என்று சொல்ல வாய் வராது. அடுத்த நோயாளி வர ஐந்து நிமிடம் இருந்தது. மாவுக் கையைத் துடைத்துவிட்டு, குழுவுக்குக் குரல் பதிவாகவே பேசி அனுப்ப ஆரம்பித்தார்.

“மாப்ள, மூட்டுக்குள்ள உடைஞ்சா அது வேற கதை. வெளியே ஒட்டிடும், உள்ள மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும். அஞ்சு வாரத்துல முஷ்டி மூடலைன்னா இனிமே கொஞ்சம் வரும், முழுசா வராது. ஷூட்டிங்குக்கு அந்தக் கையை நம்பாதே. இன்னொண்ணு, பயிற்சி பத்தலைன்னு யாராவது சொன்னா காதுல வாங்கிக்க வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லு. பந்தை அமுக்கி அமுக்கி வலியைத்தான் ஏத்திக்குவான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்ப கழட்டி விட்டுட வேண்டியதுதானா?” என்று லிஃப்ட்காரர் கேட்டார். அவருக்கு எந்த ஆட்டக்காரரையும் கழற்றிவிடப் பிடிக்காது.

“எத்தனை வருஷமா ஆடறான்?” என்றார் இவர்.

“பத்தொன்பது” என்று மச்சான் எழுதினான்.

கட்டுக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அப்ப விடவே கூடாது. கை போனா என்ன, கண்ணு இருக்கே. யார் எங்க நிக்கணும், பந்து எப்ப யார் கைக்குப் போகணும்னு அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? ஓரமா நின்னு ஆட்டத்தை நடத்தட்டும். அது ஓரங்கட்டறது இல்ல, அது வேற ரோல். ஆனா இதை அவன்கிட்ட நேராச் சொல்லணும். சொல்லாம இன்னும் ரெண்டு வாரம், ரெண்டு வாரம்னு இழுத்தடிக்கிறவன் இருக்கானே, அவன்தான் அவனுக்கு முதல் எதிரி.”

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வாளியில் துணியை நனைத்தார். கை வெந்நீரிலேயே நின்றுவிட்டது. பத்தொன்பது வருடம் எந்த ஆட்டக்காரன் ஆடுகிறான்? அவசரமாக ஃபோனை எடுத்து அழிக்கப் போனார். எல்லோரும் கேட்டுவிட்டிருந்தார்கள். மச்சானுக்குத் தனியாக, “உங்க அக்காவா கேக்கச் சொன்னா?” என்று எழுதினார். “மன்னிச்சிடுங்க மாமா, நீங்க பேசினதை அக்காவுக்கு அனுப்பிட்டேன்” என்று பதில் வந்தது.

அன்றைக்குக் கேன்டீன் பக்கமே அவர் போகவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார். பத்து நிமிட வழி அரை மணி நேரம் பிடித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஃபோன், பக்கத்தில் நீலப் பந்து. அழுது முடித்த முகம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்க குரல் நல்லா இருந்துச்சு” என்றாள். “அந்தக் குரல்ல நீங்க என்கிட்ட பேசிப் பதினோரு வாரம் ஆச்சு.”

“நான் வந்து...”

“கை போனதுகூடப் பெரிசில்லைங்க. நான் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வலிக்குதுன்னு நடுவுல நிறுத்தின நாளெல்லாம் என்னையே திட்டிக்கிட்டேன். என் தப்பு இல்லைன்னு நாலு பேருக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்லல.”

 “பயந்துட்டேன்” என்றார். “நான் முதல்ல பார்த்ததே இந்தக் கையைத்தான். அதுகிட்ட போய் இனிமே உன்னால முடியாதுன்னு எப்படிச் சொல்றது? கட்டுப் போடறப்பவே என் கை நடுங்கிச்சு.”

“தெரியும். நான்தானே எதிர்ல உட்கார்ந்திருந்தேன்.”

அவர் அவள் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக, நோயாளிகளிடம் பேசுவதுபோல் இல்லாமல், கமிட்டியில் பேசுவதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். எக்ஸ்ரேவில் என்ன தெரிந்தது, டாக்டர் என்ன சொன்னார், எந்த விரல் எவ்வளவு தேறும், எது தேறாது. அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். சில இடத்தில் கண் கலங்கினாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“இடது கையால எழுதப் பழகினா?” என்றாள் கடைசியில். “எத்தனை வாரம் ஆகும்?”

ஆறு வாரம் என்று வாய் நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார்.

“தெரியல” என்றார்.

அவள் சிரித்தாள். பதினோரு வாரத்தில் அவர் சொன்ன ஒரு பேச்சை அன்றுதான் முழுசாக நம்பினாள்.

சனிக்கிழமை காலை அவள் முதலாளியம்மாவிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோனில் குழு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணிக்கட்டு ஆட்டக்காரரை எந்தப் பட்டியலில் தேடியும் காணோம் என்று டிரைவர் புலம்பினார். நிர்வாகம் ரகசியமாக வைத்திருக்கும் என்றாள் ரத்தம் எடுக்கும் அக்கா. மச்சான் மூச்சுக் காட்டவில்லை.

“யாரா இருந்தா என்ன? அவரை வெச்சுக்கிட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க” என்று லிஃப்ட்காரர் எழுதியிருந்தார். “களத்துல இறங்க இன்னும் எத்தனை வாரம்?”

மேசைக்கு அந்தப் பக்கம் அவள், “ஆர்டர் நோட்டை இன்னிக்கே கொடுத்து அனுப்புங்கம்மா, நான் பார்த்து வெச்சுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபோன் இடது கையில் இருந்தது. வலது கை மேசைமேல் கேக்குகளை வரிசைப்படுத்துவதுபோல் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

கட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுதினார்:

“வெச்சுக்கிட்டாங்க. ரோல்தான் மாறிடுச்சு. திங்கட்கிழமை காலைல ஏழு மணிக்கு இறங்கறாங்க.”