யார் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள்

ஹெர்தீஸை அந்தக் கேள்வி போன கோடையில் சாம்பல் ஆற்றங்கரையில் பிடித்தது. அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவளை விடவில்லை.

ஐஸ்லாந்தின் தெற்கு மலைகளில் விடுமுறைக்கு வருகிறவர்களைக் கால்நடையாகக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. ஆவி கக்கும் மஞ்சள் குன்றுகளையும், எரிமலை துப்பிய கறுப்பு மணல்வெளியையும் தாண்டி, ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு நடத்திச் செல்வாள். அவர்களுடைய மூட்டைகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் அவள் அண்ணன் பெர்குர் பெரிய சக்கர வண்டியில் சுற்றுவழியாகக் கொண்டுபோவான். எந்த மூட்டை யாருடையது, எது மேலே இருக்க வேண்டும், எது நசுங்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தை அவன் சீக்கிரமே விட்டுவிட்டான். ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டியிருந்தது.

போன கோடையில் சாம்பல் ஆற்றில் பாதிப் பேர் இறங்கினார்கள், மீதிப் பேர் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என்ன சொல்லியும் எழவில்லை. பாதிக் கூட்டத்தை அந்த வனாந்தரத்தில் விட்டுப்போக முடியுமா? கடந்தவர்களையும் திருப்பிக் கொண்டுவந்து, முந்தைய நாள் நடந்த வழியே எல்லாரையும் அழைத்துப் போனாள். விடுமுறை அத்தோடு முடிந்தது. பயண அலுவலகத்து அம்மாள் பதமாகத்தான் பேசினாள். "ஒரு தடவைன்னா பரவால்ல, ஹெர்தீஸ். இன்னொரு தடவையும் இப்படித் திரும்பி வந்தா, அடுத்த கோடைக்கு நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

அதைக் கேட்டு பெர்குருக்குத்தான் கோபம் வந்தது. ஹெர்தீஸின் மனம் வேறெங்கோ இருந்தது.

"பயந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லாத, பெர்குர். பயந்தவங்கள்ல சில பேரு கடந்தாங்க. பயமே இல்லாத ஆளுங்க உக்காந்துட்டாங்க. அது எப்படி?"

அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மீன் ஆலையில் வேலை பார்த்தபோது, வரிசையில் நிற்கும் பெண்களின் கத்திகள் எல்லாம் ஏன் சேர்ந்தாற்போல் மெதுவாகின்றன என்று கேட்பாள். பிறகு ஊர் நீச்சல் குளத்தில் காவல் இருந்தாள். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து அரசியல் பேசுகிறவர்கள், யாரும் எதுவும் சொல்லாமலே ஏன் ஒன்றாக எழுந்து போகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்பாள். தங்கை கேட்ட கேள்விகளை பெர்குர் தன் வண்டியில் ஏறுகிற எல்லாரிடமும் தானே கண்டுபிடித்த மாதிரி பெருமையாகச் சொல்லுவான்.

பதிலில் ஒரு துண்டு, பனி மூடிய ஒரு காலையில் பட்டியில் கிடைத்தது. கதவைத் திறந்தார்கள். ஒரு ஆடும் நகரவில்லை. பில்டா என்ற ஆடு கடைசி மூலையில் அசை போட்டுக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான தோல், நீண்ட கால். அந்தப் பக்கத்து மந்தைகளில் இப்படி ஒரு முன்னோடி ஆடு இருக்கும். வழியும் வானிலையும் அதற்குத் தெரியும். பில்டா எழுந்து, வாசலில் நின்று காற்றை முகர்ந்து, வெளியே கால் வைத்தது. அடுத்த மூச்சில் பட்டியே காலியானது.

ஹெர்தீஸ் வைக்கோலும் கையுமாக நின்றாள். "பெர்குர், ஆளுங்கள்லயும் ஒரு பில்டா இருக்கும். போன வருஷம் நான் அதைத் தேடவே இல்ல."

இந்த ஜூலையில் வந்த ஒன்பது பேரில் அது யார் என்று கண்டுபிடிக்க இருவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. ஓர்மூர் என்றொரு பெரிய ஆள் வந்திருந்தான். வானொலி நிலையத்தில் வேலை. குரலும் அதற்கேற்ற குரல். எப்போதும் முதலில் நடந்தான். அவன் மழைச்சட்டை வேறு கறுப்பும் வெள்ளையும்.

"பில்டா வந்து எறங்கிடுச்சு," என்று பெர்குர் மூட்டைகளை அடுக்கிக்கொண்டே தங்கையின் காதில் சொன்னான். "கொம்பு மட்டுந்தான் இல்ல."

"மெதுவா பேசு. ஆனா, ஆமா. ஆத்துல முதல்ல அவனைத்தான் எறக்கப் போறேன்."

மூன்றாம் நாள் காலை, பெர்குர் ஆற்றின் எதிர்க்கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். அந்த இடத்தில் கரையெல்லாம் பாறை. வண்டி இறங்காது, ஆள்தான் நடந்து கடக்க வேண்டும். பனியாற்றிலிருந்து வரும் தண்ணீர் காலையில் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற உருகி, மதியத்துக்கு மேல் யாரையும் விடாது. அவன் ஒரு பெரிய குடுவை நிறையக் கோகோ வைத்திருந்தான். ஆறு கடந்து வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுப்பது வழக்கம்.

ஹெர்தீஸ் ஓர்மூரின் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தொடை வரை வந்தது. அவன் கம்பீரமாக ஏறி வந்து கோகோவை வாங்கிக்கொண்டான். அவள் திரும்பிப் போனாள்.

அங்கே ஒருவரும் எழவில்லை.

"வாங்க! ஒண்ணுமே இல்ல!" என்று ஓர்மூர் இரண்டு கையையும் வீசினான். ஆற்றின் இரைச்சல் அவன் குரலையும் தின்றுவிட்டது. போன வருஷம் போலவே, அதே கரை. அதைவிட மோசம், ஹெர்தீஸ் பையைத் திறந்து கருவாட்டில் வெண்ணெய் தடவி நிதானமாகத் தின்ன ஆரம்பித்தாள்.

பொறுக்க முடியாமல் பெர்குர் மார்பு உயர ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு தானே ஆற்றில் இறங்கிக் கடந்து போனான்.

"இங்க என்ன விருந்தா நடக்குது? தண்ணி ஏறிட்டிருக்கு."

"தெரியும். உக்காரு. இந்தா, மீனு."

"மீனா! அங்க ஒருத்தன் ஈரக் கால்சட்டையோட கூத்து ஆடிட்டிருக்கான்."

"ஆடட்டும். கத்தாம இவங்களப் பாரு. ஒருத்தராவது அவனப் பாக்குறாங்களா?"

பெர்குர் பார்த்தான். உண்மைதான். ஒருவர் தண்ணீரைப் பார்த்தார், ஒருத்தி மேகத்தைப் பார்த்தாள். ஆனால் நடுநடுவே எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பின. அங்கே ஒரு கல்லின் மேல் ஆல்டா உட்கார்ந்திருந்தாள். கிழக்குக் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. குட்டையான, அதிகம் பேசாத பெண். மூன்று நாளும் எல்லாருக்கும் கடைசியில்தான் நடந்தாள். ஒரு காலணியின் கயிற்றை அவிழ்த்திருந்தாள். மற்றதை அவிழ்க்கவில்லை.

பெர்குருக்கு முந்தைய இரவு ஞாபகம் வந்தது. குடிலில் ஆல்டா கரண்டியைக் கீழே வைத்ததும் எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சாப்பாடு முடிந்தது, எழுந்தார்கள் என்றுதான் அப்போது நினைத்தான்.

"ஆல்டாவா?"

"அவதான். அவ காலணில கல்லு பூந்தா மொத்தக் கூட்டமும் நிக்கும். மூணு நாளா நான் அதப் பாத்துக்கிட்டேதான் நடந்திருக்கேன், மடச்சி, ஒறைக்கவே இல்ல."

"பில்டாவும் நல்ல வெயில்ல கடைசிலதானே வரும்," என்றான் பெர்குர் மெல்ல. "வானம் கெட்டாத்தான் முன்னுக்கு வரும்."

"ஆட்டுப்பட்டியிலயே பொறந்து வளர்ந்து, நாம ரெண்டு பேரும் சட்டையோட நிறத்தப் பாத்துட்டோம்."

அவள் எழுந்து போய் ஆல்டாவின் பக்கத்தில் குந்தினாள். "என்ன யோசிக்கிறீங்க, ஆல்டா?"

"இதுக்குள்ள என்ன இருக்குன்னுதான். சாம்பலக் கரைச்ச மாதிரி இருக்கு, அடி தெரியவே இல்ல. சட்டி மூடியத் திறந்து பாக்காம நான் எதையும் அடுப்புலேருந்து எறக்குனதில்ல."

"வாங்க, திறந்து பாக்கலாம்."

இருவரும் விளிம்புக்குப் போனார்கள். ஹெர்தீஸ் தன் தடியைக் கொடுத்தாள். ஆல்டா அடியைக் குத்திப் பார்த்தாள், இன்னும் ஒரு எட்டு வைத்துக் குத்திப் பார்த்தாள்.

"அது என்ன சத்தம்? கீழ ஏதோ உருளுது."

"கல்லு. பெரிய கல்லு உருண்டா இடி மாதிரிக் கேக்கும். அப்ப நானே எறங்க மாட்டேன்."

"இப்ப?"

"நீங்களே கேளுங்க."

ஆல்டா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பின்னால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெர்குரும் கேட்டான்.

"பட்டாணி கொதிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் ஆல்டா.

"எனக்கும் சின்னக் கல்லாத்தான் கேக்குது. ஆனா உங்க மனசுக்கு வேணாம்னு பட்டா சொல்லிடுங்க. எல்லாரும் திரும்பிடலாம். அது என் பொறுப்பு."

பெர்குர் வாயில் இருந்த கருவாட்டை மெல்லவும் மறந்தான். அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை எல்லாவற்றையும் தங்கை அந்தச் சமையல்காரியின் மடியில் வைத்துவிட்டாள். தன் வேலையே அதில் இருக்கிறது என்பதைக்கூட ஆல்டாவிடம் சொல்லவில்லை.

ஆல்டா ஆற்றைப் பார்த்தாள். பிறகு பெர்குரைப் பார்த்தாள். "கோகோ சூடா இருக்கா?"

"நான் வர்றப்ப இருந்துச்சு. ஓர்மூர் மிச்சம் வெச்சாத்தான் உண்டு."

"அவனா வெப்பான்!" என்று ஆல்டா குனிந்து மற்றக் காலணியின் கயிற்றையும் இழுத்தாள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கரை முழுக்கக் கயிறு அவிழ்கிற சத்தம். கம்பளிக் காலுறைகள், ஆற்றுக்கென்று வைத்திருந்த பழைய காலணிகள், விழுந்தால் உதறிவிட வசதியாக, சின்ன முதுகுப் பைகளின் இடுப்புப் பட்டையை ஒவ்வொருவரும் தளர்த்துகிற சொடக்குகள். ஹெர்தீஸ் ஒரு முனை, பெர்குர் மறு முனை, நடுவில் ஆல்டா. கை கோத்துக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். குளிர் எலும்பைக் கடித்தது. வானொலியில் சொல்லவே முடியாத ஒரு கெட்ட வார்த்தையை ஆல்டா உரக்கச் சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது.

"பாத்தீங்களா, நான் வழிகாட்டினேன், எல்லாரும் வந்துட்டீங்க!" என்றான் ஓர்மூர். கோகோ பாதிதான் மிச்சம் இருந்தது. ஹெர்தீஸ் அவன் தோளைத் தட்டி, "ரொம்ப நன்றி, ஓர்மூர்," என்றாள்.

அன்று மாலை குடிலில் பெர்குர் ஆட்டிறைச்சியும் கிழங்கும் போட்டுச் சூப் வைத்திருந்தான். கிண்ணங்கள் நிறைந்தன. ஆல்டா உப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேசையில் எந்தக் கரண்டியும் அசையவில்லை.

"என்ன, எல்லாரும் விரதமா?" என்றான் ஓர்மூர்.

மேசைக்கு அடியில் ஹெர்தீஸ் அண்ணனின் காலை உதைத்தாள். ஆல்டா உப்பைத் தூவி, ஒரு வாய் எடுத்து, தலையை ஆட்டினாள். வந்தவர்களின் கரண்டிகளெல்லாம் இறங்கின. பெர்குர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"பெர்குர், நீங்க சாப்பிடலியா?" என்று ஆல்டா கேட்டாள்.

அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். கரண்டி அந்தரத்தில் நின்றது. எதிரே ஹெர்தீஸ் இன்னும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆறட்டும்னு பாக்குறேன்," என்றான்.

ஹெர்தீஸ் ரொட்டியைக் கடித்துவிட்டு, கரண்டியைச் சூப்பில் விட்டாள். பிறகுதான் அவனும் சாப்பிட்டான்.