ஒரு கோட்டுக்குள்ள ரெண்டு பேரா?

எங்கள் கடையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெண்கலம் அக்கா என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் "என்ன?" என்று திரும்புவார். அந்த "என்ன?" தெருமுனையில் நிற்கிறவருக்கும் கேட்கும். குரல் அப்படி.

கடை என்றால் ட்ரை கிளீனிங் கடை. முன்னால் கவுண்டர், அங்கே அக்கா. பின்னால் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெஷின், அதை ஒட்டி நீராவி இஸ்திரி மேஜை, அங்கே நான். நடுவில் வரிசை வரிசையாகத் தொங்கும் துணிகள். ஒரு கோட்டைக் கையில் வாங்கும்போதே அக்கா புரட்டிப் பார்த்து, கறை எங்கே, எந்தப் பட்டன் ஆடுகிறது, பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிடுவார். "சார், உள் பாக்கெட்ல ஒரு லிப்ஸ்டிக் இருக்கு, வீட்டுல தேடிட்டிருப்பாங்க" என்று ஒரு தடவை சொன்னதில் அந்த சார் எங்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்தக் குரலால் அக்கா பட்டது கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று டீச்சர் சொல்வாராம். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார், "இங்க யாருக்கும் காது மந்தமில்லம்மா" என்றாராம். அக்காவின் தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியர், சட்டைக் காலர் கசங்காத மனுஷன். வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும்போதே, "பெரிய மனுஷங்க வருவாங்கக்கா, கொஞ்சம் பார்த்து" என்பார். அக்காவும் விசேஷம் முடியும்வரை சமையலறையிலேயே இருந்துவிட்டு வருவார்.

வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் பேசுவதே அபூர்வம். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு வருவார், கடை வாசலில் நிற்பார், அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். "அவருக்கும் சேர்த்து நான் பேசிடறேன்" என்று அக்கா சொல்வார். அதற்கும் அவர் சிரிப்பதோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

ஒரு மத்தியானம் குட்டையாக ஒரு இளைஞர் கடைக்குள் ஓடி வந்தார். காலில் தங்க நிறச் செருப்பு, கண்ணில் மை, தோளில் ரோஸ் நிற இறகுகள் வைத்த சால்வை. சால்வை முழுக்க சாக்லேட் கேக் அப்பியிருந்தது. கூடவே உயரமாக இன்னொருவர், கல்யாணக் கோட்டில். அந்தக் கோட்டிலும் கேக். இருவருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஒரு பெண், கையில் வசனக் காகிதங்கள்.

"மேடம், அரை மணி நேரத்துல வேணும், ஷூட்டிங் நிக்குது" என்றார் குட்டையானவர்.

அக்கா சால்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "அரை மணி நேரமா? இது என்ன கோழியா, சுடுதண்ணில முக்கி எடுத்துக் குடுக்க? ஏன் தம்பி, கண்ணுக்கு இவ்வளவு அழகா மை போடத் தெரியுது, கேக்கு எந்த வழியா உள்ள போகணும்னு தெரியலையா?" பிறகு உயரமானவரைப் பார்த்து, "நீங்க என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? கோட்டைக் கழட்டுங்க. உங்க உயரத்துக்கு ஏணி வச்சா நான் கறை எடுப்பேன்?"

பின்னால் வந்த பெண் சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் டைரக்டர். துணி தயாராகும்வரை அக்காவை விட்டு அவர் கண்ணே அகலவில்லை. போகும்போது கேட்டார்: "படத்துல ஒரு அத்தை வேஷம் இருக்கு. நீங்க பண்றீங்களா?"

"எனக்கு நடிக்கத் தெரியாதும்மா."

"நடிக்க வேண்டாம். இப்படியே பேசினா போதும்."

"இப்படிப் பேசாதன்னுதான் இத்தனை வருஷமா எல்லாரும் சொல்லிட்டிருக்காங்க."

"எனக்கு இதான் வேணும்" என்றார் டைரக்டர்.

அக்கா கதை கேட்டார். டைரக்டர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார். இந்த உயரமானவரும் குட்டையானவரும் காதலர்கள். உயரமானவருக்கு வீட்டில் ஒரு பணக்காரப் பெண்ணைப் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் கல்யாணத்தில் இஷ்டமில்லை. மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்து கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள், ஒன்று செய்யப் போக ஒன்பது ஆகிறது. முழுக்க முழுக்க சிரிப்பு, ஓட்டம், அலங்காரம், கூத்து.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசில இந்தப் பசங்க ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்களா?"

"சேர்ந்துடறாங்க."

"அப்ப வரேன். கடைசில பிரிச்சு அழ வைக்கற படம்னா எனக்கு ஆகாது."

ஷூட்டிங்குக்குத் துணையாக நானும் போனேன். அக்கா தலையில் கோபுரம் மாதிரி ஒரு டோப்பா, கழுத்தில் கிலோ கணக்கில் முத்து. காட்சி இதுதான்: அத்தை மாடிப்படி இறங்கி வருகிறாள். கல்யாண மண்டபத்தின் மூலையில் பெரிய ஓவர்கோட் ஒன்று தானாக நகர்கிறது. அத்தை போய்க் காலரை விலக்கினால் உள்ளேயிருந்து இரண்டு தலைகள். அவள் "ஐயோ, திருடன்!" என்று கத்த வேண்டும்.

அக்கா காலரை விலக்கினார். இரண்டு தலையும் எட்டிப் பார்த்தன. ஆனால் அக்காவின் கண் போனது கோட்டின் நடுப் பட்டனுக்கு. அது நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வசனம் மறந்துவிட்டது.

"ஒரு கோட்டுக்குள்ள ரெண்டு பேரா? பட்டன் தெறிச்சா யாரு தைக்கறது?"

காமிராக்காரர் தோள் குலுங்கியதில் படம் ஆடியது. அக்கா சொன்ன அதே வசனத்தோடு இன்னொரு தடவை எடுத்தார்கள். டைரக்டர் "ஐயோ, திருடன்" வசனத்தை அடித்தே விட்டார்.

செய்தி தம்பிக்குப் போனது. கடைக்கே போன் வந்தது. அக்கா பேசினால் தனியாக ஒலிபெருக்கி வேண்டாம், எதிர்முனையில் என்ன பேச்சு என்பதை அவர் பதிலிலிருந்தே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"ஆமா, நான்தான்... இல்ல, அசிங்கமா எதுவும் இல்ல... ரெண்டு ஆம்பளைங்கதான், ஆமா... உனக்குத் தலை காட்ட முடியலைன்னா தொப்பி போட்டுக்கோ தம்பி."

போனை வைத்தவர் அன்று சாயங்காலம்வரை யாரையும் திட்டவில்லை. கடை பூட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

படம் வந்த முதல் நாள், அக்கா, வீட்டுக்காரர், நான், மூன்று பேரும் போனோம். பாதி அரங்கு காலி. அக்கா சீட்டில் சரிந்து உட்கார்ந்து கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டார். திரையில் குட்டையானவர் இறகுச் சால்வையைச் சுழற்றிக்கொண்டு வந்ததும் எங்கேயோ ஒரு "ச்சீ" கேட்டது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார், பக்கத்தில் இருந்த கணவர் முழங்கையால் இடித்தார். அவர் சிரிப்பை அடக்கினார். அடக்கின சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அதைக் கேட்டுப் பின்வரிசையில் ஒரு கூட்டமே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார், தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் திரும்பிக்கொண்டே.

ஓரத்தில் ஒருவர் மட்டும் கோபமாக எழுந்து போனார். போனவர் கதவுவரை போய், அங்கேயே நின்று, கதவைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தார். "இவருக்குக் கோபத்தையும் காட்டணும், படத்தையும் விட்டுடக் கூடாது" என்று நான் அக்கா காதில் சொன்னேன். அக்கா கவனிக்கவில்லை. அவருடைய காட்சி வந்துகொண்டிருந்தது.

திரையில் காலர் விலகியது. வசனம் வந்தது. அப்புறம் அரங்கு வெடித்தது. பாதி அரங்குதான், ஆனாலும் கூரை அதிர்ந்தது. அடுத்த வசனம் யாருக்கும் காதில் விழவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கைப்பையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. அந்த மனுஷர் பேச ஆரம்பித்தார். தியேட்டர் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் அவர் பொறுப்பில்தான். வேலை முடித்துவிட்டு அரங்கின் பின்கதவு ஓரம் நிற்பாராம், திரையில் அக்கா வருகிற நேரம் பார்த்து. சாயங்காலம் கடை வாசலுக்கு வந்ததும் ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு ஒரு அம்மா சிரிச்ச சிரிப்புல தண்ணி பாட்டில் உருண்டு திரை வரைக்கும் போயிடுச்சு."

"அப்புறம்?" என்பார் அக்கா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"காலேஜ் பசங்க ஒரு கூட்டம். உன் வசனத்தை உனக்கு முன்னாடியே சொல்றாங்க. மூணாவது தடவையா வர்றாங்களாம்."

"அப்புறம்?"

"ஒரு வயசானவர். சிரிக்கவே இல்ல. விளக்கு போட்டப்புறமும் உக்காந்தே இருந்தார். உடம்பு சரியில்லையோன்னு போய்க் கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கேன். என் காலத்துல இந்த மாதிரிப் படத்துல யாராவது ஒருத்தன் கடைசில செத்துடுவான்'னார். சொல்லிட்டு அப்பதான் சிரிச்சார்."

அக்கா அன்று "அப்புறம்?" கேட்கவில்லை. கவுண்டரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கவுண்டர்தான்.

அரங்கு நிரம்ப ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். திரையில் வருகிற டோப்பாவும் முத்தும் அக்காவிடம் இல்லை, பக்கத்து சீட்டுக்காரருக்கே யாரென்று தெரியாது. படம் பாதியைத் தாண்டியிருக்கும். இரண்டு பேரும் மொட்டை மாடியில், கிழிந்த கோட்டும் கேக் அப்பிய முகமுமாகக் கட்டிப்பிடித்துக்கொள்கிற இடம். பின்னாலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்.

"நிறுத்துங்கடா! இதெல்லாம் ஒரு படமா? குடும்பத்தோட வர்ற இடம் இது! வெக்கமா இல்ல?"

சிரிப்பு பட்டென்று நின்றது. யாரும் திரும்பவில்லை. எங்கள் வரிசையில் ஒரு அம்மாவும் இருபது வயசுப் பையனும் இருந்தார்கள். அதுவரை சீட்டை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்தது அந்த இருட்டிலும் தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தார்.

எழுந்து நின்றார். கத்தவெல்லாம் இல்லை. அவருக்கு அதற்கு அவசியமும் இல்லை.

"தம்பி! இவ்வளவு மூச்சுக் குடுத்துக் கத்தாதீங்க. பட்டன் தெறிச்சா யாரு தைக்கறது?"

இருட்டில் யாரோ, "டேய், அதே குரல்டா!" என்றார்கள். இன்னொருவர், "அத்தை! அத்தை இங்கதான் இருக்காங்க!" அவ்வளவுதான், ஒட்டுமொத்த அரங்கும் எழுந்து எங்கள் பக்கம் திரும்பியது. கைதட்டல், விசில். கத்தினவன் இரண்டு பக்கமும் பார்த்தான், சட்டைப் பட்டனைத் தன்னையறியாமல் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான், பிறகு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி, விழுந்து விழுந்து சிரிக்கிறவர்களில் ஒருத்தி.

படம் முடிந்து வெளியே வரும்போது அந்த அம்மா பையனோடு காத்திருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. அவன் பாதில நிறுத்தினதும் எழுந்து போயிடலாம்னு பையைக் கையில எடுத்துட்டேன். நீங்க எழுந்து நின்னீங்க."

அக்கா பையன் தோளில் தட்டினார். "சட்டை நல்லாயிருக்கு. இந்தத் துணியை வீட்டுல துவைக்காத, சுருங்கிடும். கடைக்குக் கொண்டு வா."

அவன் சிரித்தான்.

வீட்டுக்காரர் தெரு நெடுக யாரைப் பார்த்தாலும் நிறுத்தி விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். பூக்கடைக்காரரிடம், ஆட்டோக்காரரிடம், முன்பின் தெரியாத ஒருவரிடம். "போதும், வாங்க" என்று அக்கா இழுத்தார். அக்கா அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை.

அந்த வாரத்திலேயே ஒரு வேலை நாளில் தம்பி கடைக்கு வந்தார். கையில் துணி எதுவும் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர் மாதிரி நின்றார்.

"நேத்து படம் பார்த்தேன்."

"யார்கூட?"

"தனியாத்தான். கடைசி வரிசை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ வந்து அதைச் சொன்னதும் எல்லாரும் சிரிக்கறாங்க. பக்கத்து சீட்ல இருந்தவர்கிட்ட, 'அது எங்க அக்கா'ன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாம வாய்ல வந்துடுச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"நம்பல."

அக்கா சிரித்த சிரிப்பில் ஹாங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தம்பி சுற்றிலும் பார்க்கவில்லை, மெதுவா என்று சொல்லவில்லை. அவரும் சிரித்தார். சிரிப்பில் அவருக்கும் அதே குரல் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தப் பசங்க எப்படி?" என்று அக்கா விடாமல் கேட்டார்.

"எனக்கு இன்னும் முழுசாப் புரியலக்கா. ஆனா, ரெண்டு பேரும் சேரணுமேன்னு கடைசில பதைபதைப்பா இருந்தது. அது நிஜம்." கிளம்பும்போது திரும்பி, "அடுத்த மாசம் வீட்டுல ஒரு விசேஷம். முன்வரிசைல உக்காரணும் நீ" என்றார்.

இப்போது கவுண்டரில் வாரத்துக்கு இரண்டு நாள் நான் நிற்கிறேன். அதே டைரக்டர் அடுத்த படத்தில் அக்காவுக்கு நீதிபதி வேஷம் கொடுத்திருக்கிறார். வருகிறவர்கள் கோட்டைக் கொடுத்துவிட்டு, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். "அவங்க இல்லையா?"

நான் கோட்டைப் புரட்டிக்கொண்டே, நிதானமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்:

"அக்கா ஷூட்டிங் போயிருக்காங்க."