சளியில் வந்த ரத்தம்

உத்தமபாளையத்தில் நான் நடத்தும் கிளினிக்குக்கு அனுமந்தன்பட்டி விவசாயி ஒருவர் மனைவியுடன் வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. இருமினால் சளியோடு ரத்தம் வந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இருந்தும் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினேன். "பிள்ளையைப் பக்கத்துல விடாதீங்க" என்றேன்.

"போன வருசம் துடிப்பு சரியில்லைன்னு மதுரையில இதயத்துக்குள்ள ஒயர் விட்டுச் சுட்டாக, டாக்டர்" என்றார் மனைவி.

"அது வேற, இது வேறம்மா" என்று அடுத்த நோயாளியை அழைத்தேன்.

ஆறு மாதம் கழித்து மனைவி மட்டும் மதுரை அறிக்கையோடு வந்தார். சுட்ட இடத்தில் தழும்பேறி, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரைகள் சுருங்கிவிட்டன. அங்கே அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த இடது நுரையீரலில் சிரைச் சுவர்கள் தடித்து, தேங்கிய ரத்தம் கறையாகப் படிந்திருந்தது. அந்த ரத்தம்தான் சளியில் வந்திருக்கிறது; காசநோயே இல்லை.

"அவுக பிழைச்சிட்டாக. மகதான் இன்னும் கிட்ட போக மாட்டேங்கிறா. நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். அப்பாவுக்கு வந்தது தொற்றும் நோயில்லை என்றேன். ஏழு வயதுப் பெண் வாசலைவிட்டு நகரவில்லை.

"அப்ப கிட்ட விடாதீங்கன்னு ஏன் சொன்னீக?"

"தெரியாமச் சொல்லிட்டேன்மா."

அந்தப் பதில்தான் இன்றும் கசக்கிறது. தெரியாமல் அல்ல, அவள் அம்மா சொன்னதைக் காதில் வாங்காமல் சொன்னேன்.