பகா எண்ணுக்கு நான் சொன்ன மீதி

எங்கள் ஸ்கூடாய் வீட்டில் சாமி மேடையைவிட என் கணவரின் கம்ப்யூட்டருக்குத்தான் இடம் அதிகம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்டு முடித்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பார். இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் எதனாலும் வகுபடாத பகா எண்ணா, இல்லையா? அதுதான் அவருடைய கவலை. உலகத்தில் வேறு கவலையே இல்லாத மனுஷன்!

"அதக் கண்டுபிடிச்சு என்னாங்க செய்யப் போறீங்க? கறி வைக்கலாமா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்பேன். அவருக்குக் கோபமே வராது.

"மூணு கோடி இலக்கத்துக்கு மேல இருக்கும் லா. யாருமே பாக்காத நம்பரு. நம்ம ரூம்ல மொதல்ல தெரிஞ்சா எப்படி இருக்கும்?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்வார்.

நான்கில் ஆரம்பிக்க வேண்டுமாம். அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, வரும் மீதியை மறுபடி பெருக்க வேண்டும். இப்படிப் பத்துக் கோடி தடவைக்கு மேல். வாரக்கணக்கில் மெஷின் உறுமிக்கொண்டே கிடக்கும்.

போன வருஷம் அவருக்கு ஈரலில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தபடியும் அதே கேள்விதான்: "முடிஞ்சிருச்சா?" ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிந்திருந்தது. பகா எண் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே மீதி என்று எண்ணும் எழுத்துமாகப் பதினாறு குறிகள். பாவி மெஷின், இந்த ஒரு தடவை பொய் சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டுமே என்று அந்தப் பதினாறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

மதியம் அவர் காதருகே குனிந்து, "என்னாங்க, கெடைச்சிருச்சு. பகா எண்ணுதான்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "மெய்யாவா? கடைசி மீதி என்னா வந்துச்சு?"

நல்லவேளை எழுதி வந்தோம் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். முழுவதும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோசம் லா. போதும். நீ சாப்டியா?" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நிம்மதியாகப் போனார் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கருமக்கிரியை முடிந்த பிறகு அவர் மேசையைத் துடைக்கும்போது நோட்டுப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து: கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை.

ஒரே ஒரு பூஜ்யம் என்று சொல்லியிருந்தால் போதும். நானோ பதினாறையும் ஒன்று விடாமல், பெருமையாக, சாகக் கிடந்த மனுஷன் முகத்துக்கு நேரே வாசித்திருக்கிறேன். தன் எண் தோற்றதை என் வாயாலேயே கேட்டுவிட்டு, எனக்காகச் சந்தோசம் என்றிருக்கிறார். அடிப் பைத்தியமே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருப்போம். அவர் தனியாகத் தாங்கிக்கொண்டு போய்விட்டார்.