தொட்டியில் ஊற்றிய அரிசித் தண்ணீர்

கிள்ளானில் என் வீட்டின் முன்புறம், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. கட்டட வேலைக்காரர்கள் சிமெண்டு குழைக்கும் வகை. உள்ளே மழைத் தண்ணீர். அதில் ஊறி அதைத் தேநீர் நிறமாக்கும் காய்ந்த கெத்தப்பாங் என்னும் நாட்டு வாதுமை இலைகள் சில. அதில் ஒரே ஒரு செடியைத்தான் வளர்த்தேன். ஆங்கிலத்தில் பிளேடர்வோர்ட் என்பார்கள். அதற்கு வேர் கிடையாது. நூல் போன்ற இலைகளோடு தண்ணீருக்குள் கொடியாக நீளும். மஞ்சள் பூ மட்டும் மேலே வரும். இலைகளுக்கிடையில் கடுகளவுப் பைகள். பையின் வாயில் உள்ள முடியை நீர்ப்பூச்சி தொட்டால் போதும், கதவு திறந்து தண்ணீரோடு பூச்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. தெளிவாக இருந்த பை பிறகு கறுத்துப்போவதைத்தான் பார்க்கலாம்.

டெங்கில் பக்கம், ஈயம் தோண்டிய ஒரு பழைய குட்டையிலிருந்து ஒரு சாண் கொடியாக அதை எடுத்து வந்தேன். அடுத்த ஆண்டே அந்தக் குட்டையை மண் கொட்டி மூடிவிட்டார்கள். அந்த இனம் வேறு இடங்களில் கிடைக்கலாம். அந்தக் குட்டையின் செடி என் தொட்டியில் மட்டும்தான் மிச்சம்.

பக்கத்து வீட்டு அக்கா கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அது செடியே அல்ல. "ஊரெல்லாம் பாசியச் சுரண்டி எறியுறாங்க. தம்பி மட்டும் தொட்டி வாங்கி வளக்குறாரு," என்பார்.

வேலை விஷயமாகப் பத்து நாள் ஈப்போ போக வேண்டியிருந்தது. தண்ணீர் குறைந்தால் டிரம்மில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஏன் என்று சொல்லவில்லை.

திரும்பியபோது தொட்டியில் பச்சையும் வெள்ளையுமாகக் கலங்கிய தண்ணீர் இருந்தது. புளித்த வாடை. கொடியை விரலால் தூக்கினேன். பாதி அறுந்து கூழாக விழுந்தது.

"என்னக்கா ஊத்துனீங்க?"

"டிரம்ல தண்ணி முடிஞ்சிருச்சு தம்பி. மழையும் இல்ல. பைப் தண்ணி வேண்டான்னீங்க. அரிசி கழுவுன தண்ணிதான் ஊத்துனேன். என் கறிவேப்பிலையப் பாருங்க, அதே தண்ணிதான், கூரையத் தொடுது. ஒங்க பாசி நூலா எளச்சுக் கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு."

நம் வீடுகளில் அந்தத் தண்ணீரை யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. செடிக்குத்தான் போகும். ஆனால் இந்தச் செடி சத்தில்லாத தண்ணீரில் வாழப் பழகியது. சத்துக்காகத்தான் பூச்சி பிடிக்கிறது. கஞ்சிப் பசையில் அழுகலும் உண்மையான பாசியும் பெருகி அதை மூடிவிட்டன. பைகள் உதிர்ந்தன. பிடிக்க ஆளில்லாத தண்ணீரில் கொசு முட்டையிட்டிருந்தது.

மறுநாள் காலை சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் வந்தார். எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்கு டெங்கி. வெள்ளைக் கரண்டியால் தொட்டியில் மொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அங்கிள், ஜெந்திக் நெளியுது. கம்பவுண்ட் எழுதணும், அபராதம் கட்டணும்."

"இது கொசுப் புழுவத் திங்குற செடிம்மா."

அவர் கரண்டியை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப இன்னிக்கு லீவா?"

பன்னிரண்டு மணிக்குள் வரிசை முழுக்கப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகவும், அதற்குள் தொட்டி காலியாகாவிட்டால் எழுதிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அப்போது பத்தே முக்கால்.

தொட்டியைக் காப்பாற்றும் எண்ணத்தை அங்கேயே விட்டேன். கொடிகளை வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். நடுப்பகுதி அழுகியிருந்தாலும் வளரும் நுனி பிழைத்திருக்கலாம். பச்சை தெரிந்த இடத்தில் கத்தரித்தேன்.

அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "செத்துருச்சா?"

"இன்னும் தெரியல. நல்ல தண்ணி வேணும்."

"கட வரிசையில காசு போட்டா சுத்தத் தண்ணி குடுக்குற மிஷின் இருக்கே, அது ஓக்கேவா?"

"ஓக்கே."

கேன்களோடு போனவர், வரும்போது தீபாவளி முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி போத்தல்களையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். ஒன்பது நுனிகள் தேறின. ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசி, ஆளுக்கொரு போத்தலாக இட்டேன். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கட்டினோம். பிறகு தொட்டியைப் புல்லில் கவிழ்த்தேன்.

பன்னிரண்டுக்கு வந்த பணியாளர் கவிழ்ந்த தொட்டியைப் பார்த்தார். ஒன்பது போத்தல்களிலும் டார்ச் அடித்தார். "துணியக் கழட்டாதீங்க அங்கிள்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினேன். முதல் வாரத்தில் ஐந்து நுனிகள் பழுத்து அழுகின. அடுத்த வாரம் இரண்டு. மீதி இரண்டில், மூன்றாம் வாரம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது புதுப் பைகள் தெரிந்தன. அன்றைக்கே நீளமான கொடி இருந்த போத்தலை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"எனக்கெதுக்குத் தம்பி? கொன்னதே நான்தானே."

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சது என் தப்புக்கா. ஒண்ணு இங்க இருக்கட்டும்."

"என்ன போடணும்?"

"ஒண்ணும் போடக்கூடாது. சத்து சேந்தா அழுகிரும். வேணுங்கிறத அதுவே பிடிச்சுக்கும்."

"பட்டினி போட்டு வளக்கணும்." அக்கா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மாமியார் என்னை வச்சிருந்த மாதிரி. செய்யலாம்லா."

என்னிடம் இருப்பது கிளைவிட்டதும் செராஸில் இருக்கும் நண்பருக்கு ஒரு துண்டு போகும். மூன்று வீடுகளில் அது பூத்த பிறகுதான் மறுபடியும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவேன்.