வண்டிச்சோறு ஆறிய கதை

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் நாள்கணக்காகக் கதை நடக்கும். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து தங்குவார். பாட்டை ராகம் போட்டு வாசிப்பது என் வேலை. அதற்குப் பொருள் சொல்வது அவர் வேலை. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், குரல் இருந்தது, போட்டிக்கு ஆள் இல்லை. வாசிக்கிற பாட்டில் பாதிக்கு எனக்கே பொருள் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பயமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது; அந்த நிம்மதியும் போனது.

அந்த வருஷங்களில் சாலையில் போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. கள்ளக்குறிச்சி பஸ் என்றைக்கு வரும் என்று டிரைவருக்கே தெரியாது. பொதுக்கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கிடையாது. தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது கோயில் மைக் ஒன்றுதான். பஸ் வராத ஊருக்குக் கட்சிக்காரர்கள் மட்டும் சைக்கிளில் தவறாமல் வந்தார்கள். வந்தவர்களுக்குத் துண்டு போட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கோயிலில் கட்சி பேசக்கூடாது, கதைதான் பேசவேண்டும்.

அவர்கள் கதைதான் பேசினார்கள். அதற்குள் கட்சி, பட்ஜெட், கடன் தள்ளுபடி எல்லாம் வந்துவிட்டன.

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். இருவருமே பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரே வயசு. கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதை வந்த அன்றைக்கு இருவரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அன்னிக்கே ஒதுக்கீடு இருந்திருந்தா அந்தப் புள்ளைக்கு வெரலு போயிருக்குமா?" என்றார் எதிர்க்கட்சி. "அதுக்குத்தான் கமிஷன் போட்டுக்கினு இருக்கோம்" என்றார் ஆளுங்கட்சி. "வெரலு போன அப்பறம் மோதிரத்துக்கு அளவு எடுக்கறாங்க" என்றார் மறுபடி எதிர்க்கட்சி. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

சபையில் சேலை வளர்ந்த கதை அன்றைக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்து நின்றது.

"கேட்ட ஒடனே சேல குடுத்தாரே சாமி, கார்டு இருக்குதான்னு கேட்டாரா?"

"சாமி ஒருவாட்டிதான் குடுத்துச்சு. நாங்க வருசா வருசம் குடுக்கறோம்."

சாமியைவிட ஜாஸ்தி கொடுக்கிறோம் என்று ஒருவர் அம்மன் சந்நிதியில் நின்று சொல்கிறார். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சாமி கையில் இருக்கிற எந்தப் பொருளின் பெயரைப் படித்தாலும் அது ஏதாவது ஒரு கட்சியின் சின்னமாக இருந்து தொலைத்தது. கூட்டத்தில் ஒரு பாதி கைதட்டும், மறுபாதி என்னை முறைக்கும். அப்படிப்பட்ட வார்த்தை வந்தால் இருமிக்கொண்டே வாசிக்கப் பழகினேன். பிரசங்கியார் எனக்குச் சுக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் நடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் ஊர்க் கார்டுகள் எல்லாம் ஓடைக்கு அந்தாண்டை ஊர் ரேஷன் கடையில் இருந்தன. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் இங்கே ஒரு தூறல் இல்லாதபோதே ஓடையில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் மனைவி தலையில் அரிசியோடு இறங்கினாள். நடு ஓடையில் கால் தப்பியது. மூட்டையை விட்டுவிட்டு ஒரு நாணல் புதரைப் பிடித்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து அவள் கடைக்குப் போகிற நாளெல்லாம் நான் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊரில் ஒரு பகுதி நேரக் கடை வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஆளுங்கட்சிக்காரர் ஒத்துக்கொண்டார். வண்டிச்சோறு அன்றைக்கு, ஊரே கூடியிருக்கும்போது, மைக்கில் தன் வாயால் அறிவிப்பதாகச் சொன்னார். ஊர் முன்னால் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்பது எங்கள் கணக்கு.

வண்டிச்சோறு என்பது இதுதான். தினம் ஒரு வண்டிச் சோறும் ஓர் ஆளும் கேட்ட அசுரனின் கதை எல்லோருக்கும் தெரியும். சோற்றை ஓட்டிக்கொண்டு போன வீரன் அதைத் தானே தின்றுவிட்டு அசுரனைக் கொன்றான். அன்றைக்கு எங்கள் ஊரில் வீடு வீடாகச் சோறும் குழம்பும் வாங்கி நிஜமாகவே மாட்டுவண்டியில் கொட்டுவார்கள். வீரன் வேஷம் போட்டவர் அதன்மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வருவார். அவர் வாய் வைக்கிற பாட்டை நான் வாசித்த பிறகுதான் அவர் சாப்பிடலாம். அவர் சாப்பிட்டு உருண்டை பிடித்து வீசிய பிறகுதான் ஊர் சாப்பிடலாம். அதுவரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

அந்த வருஷம் வீரன், கரும்பு லோடு ஏற்றுகிற ஒருவர். நல்ல ஆகிருதி. விடியற்காலையிலிருந்து விரதம். முகத்தில் அரிதாரத்தோடு சோற்று மலைக்கு மேல் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை மோந்துகொண்டே வந்து சேர்ந்தார்.

நான் கோயிலுக்குக் கிளம்பும்போது என் மனைவி, "இன்னிக்கு அவுரு கடையச் சொல்லாம போனார்னா, நாளையிலேருந்து நீங்களே ஓடையில எறங்கி அரிசி வாங்கியாங்க" என்று சொல்லியிருந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. அது அவளுக்குத் தெரியும்.

ஆளுங்கட்சிக்காரர் எழுந்தார். நன்றாகத்தான் தொடங்கினார். "தோ நிக்குது பாருங்க வண்டி. ஏழை ஜனங்களுக்குன்னு வூடு வூடா சேத்த சோறு. எங்க அரசாங்கம் ஊரு ஊருக்கு அனுப்புற ரேஷன் அரிசி வண்டியும் இதேதான்..."

எதிர்க்கட்சிக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "இருங்க, இருங்க. இந்த வண்டி யாருக்குப் போவுது? அசுரனுக்குப் போவுது. அப்ப ரேஷன் அரிசி வாங்கித் துன்ற ஜனங்கள்லாம் அசுரனா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "கடக்காரன்தான் அசுரன்! பாதி வண்டி அங்கியே காலி!"

"நான் அப்படிச் சொல்லலைங்க," என்றார் ஆளுங்கட்சி. முகம் சிவந்துவிட்டது. "வண்டியத்தான் சொன்னேன்."

"ஊருகிட்ட வாங்கி ஒருத்தன் துன்றான். அதுக்கு வரின்னு பேரு. கதையிலயே இருக்குதுங்க."

"ஊர்லேருந்து வாங்காம அரசாங்கம் எங்கேருந்து குடுக்கும்? கதையில அதுவும் இருக்குது!"

"இருந்தா காட்டுங்க!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் ஏதோ எழுதி வைத்தவன் மாதிரி. நான் விளக்கைப் பார்த்தேன். ஆளுங்கட்சிக்காரர் மைக்கைக் கீழே வைத்தார். "இப்பிடி அவமானப்படுத்தற ஊருக்கு நான் இன்னாத்தச் சொல்றது? பாட்டப் படிங்க, நான் கெளம்பறேன்."

போச்சு, கடை போச்சு. பிரசங்கியார் என் தொடையில் தட்டினார், படி என்று. வண்டிமேலிருந்து வீரன், "ண்ணா, சீக்கிரம் படிண்ணா, கண்ணு இருட்டுது" என்றார். முன்வரிசையில் என் மனைவி கையை மடியில் வைத்தபடியே விரலை மட்டும் ஆட்டினாள், படிக்காதே என்று. பாட்டைப் படித்துவிட்டால் ஊரே சோற்றின்மேல் பாயும். அதற்கப்புறம் கடையைப் பற்றி யார் கேட்பார்கள்? படிக்காவிட்டாலோ சாமி காரியம் நிற்கும். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நடிப்பெல்லாம் இல்லை, நடிக்கிற துணிச்சல் எனக்கு எங்கே இருக்கிறது? பயத்தில் தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது. மறுபடி திறந்தேன். காற்றுதான் வந்தது.

பந்தலில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிரசங்கியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பல ஊர் பார்த்த மனிதர். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அம்மா உத்தரவு குடுக்கலைங்க. சபையில யாரோ ஒரு வாக்கச் சொல்லவந்து முழுங்கிட்டாங்கன்னு தோணுது. அது வெளிய வராத வரைக்கும் பாட்டு வராதுங்க."

வீரனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கதாயுதத்தால் வண்டிச் சட்டத்தை ஓங்கித் தட்டி, "யோவ், அந்தக் கடையச் சொல்லிட்டுப் போங்கய்யா! கொழம்பு ஆறி ஏடு கட்டுது!" என்று கத்தினார்.

ஆளுங்கட்சிக்காரர் அம்மனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கட்சிக்காரர் மைக்கை எட்டிப் பிடித்தார். "இந்த ஊருக்குக் கடை வேணும்னு மொதல்ல மனு குடுத்ததே நாங்கதான்."

அது போதும். "மனு யார் வேணா குடுக்கலாம்!" என்று ஆளுங்கட்சிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். "குடுக்கறவங்க நாங்க! அம்மா சாட்சியா சொல்றேன், வாரத்துல ரெண்டு நாளு இந்த ஊர்லயே கடை நடக்கும்!"

என் தொண்டை திறந்துகொண்டது. என்ன ராகத்தில் வாசித்தேன் என்று ஞாபகமில்லை. வீரன் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது எழுந்த குலவை மலை வரைக்கும் கேட்டிருக்கும். சாலையில் புதிதாக இன்னும் இரண்டு மரம் விழுந்திருந்ததால் கட்சிக்காரர்கள் இருவராலும் உடனே கிளம்ப முடியவில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து வண்டிச்சோறு தின்றார்கள். தின்னும்போதும் அசுரன் யார் என்ற பேச்சு முடியவில்லை.

கடை வந்தது. சொன்னதைவிடத் தாமதமாக, மாட்டாஸ்பத்திரிக்குப் பக்கத்து அறையில் வந்தது. திறப்பு விழாவுக்கு இருவரும் வந்தார்கள். என் மனைவி செருப்புகூடப் போடாமல் போய் அரிசி வாங்கிக்கொண்டு, உலை கொதிப்பதற்குள் திரும்பிவிட்டாள்.

நான் மட்டும் கடை நாளில் மத்தியானம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"அதான் தொறந்துட்டாங்களே, இன்னும் இன்னா?" என்றாள் அவள்.

"ஆட்சி மாறினா மூடிட்டாங்கன்னா?"

"மூடனா மூடட்டும். திருவிழா வரும் இல்ல? நீங்க வாயத் தொறந்துக்கினு ஒக்காருங்க, போதும்."