எடை மெஷின் பக்கத்தில் நிற்கிறவள்

எடை பார்க்க ஏறுகிறவர்கள் எல்லாரும் முதலில் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். மூச்சு எடையில் சேராது என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் எனக்கு வேலை. உயரமும் எடையும் பார்த்து, எதிர்மூலையில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மாரிச்செல்விக்குக் கேட்கும்படி கத்தவேண்டும். நானோ கனத்த உடம்பு. "முழங்கால் வீங்கியிருக்கு, சுகர் இருக்கான்னு பாக்கணும், முதல்ல எடை போடுங்கம்மா" என்று டாக்டர் என்னிடம் சொல்லச் சொல்ல, நழுவிக்கொண்டே இருந்தேன். மெஷினைக் கண்டால் ஒதுங்குகிற உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பிரியாணி

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருத்தர். செருப்பு, சாவிக்கொத்து, போன் எல்லாம் கழற்றி வைத்தும் எண்பத்தொரு கிலோ. உயரம் நூற்றெழுபது சென்டிமீட்டர், அதாவது ஒன்று புள்ளி ஏழு மீட்டர். கிலோவை அந்த மீட்டரால் வகுத்து, வந்ததை இன்னொரு தடவை அதே மீட்டரால் வகுக்கணும்; அதுதான் பி.எம்.ஐ. எண். எனக்கு வகுக்கத் தெரியாது. மாரிச்செல்வி போட்டுச் சொன்னாள்: இருபத்தெட்டு. பதினெட்டரைக்குக் கீழே போனால் மெலிவு, நம்ம நாட்டு ஆட்களுக்கு இருபத்துமூன்றைத் தொட்டாலே கூடுதல் என்பார் டாக்டர்.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து ராத்திரி தின்ன பிரியாணியையும் சேத்தா போட்டிய? அதைக் கழிச்சிச் சொல்லுங்கம்மா."

உச்சிக் கொண்டை

பனவடலிசத்திரத்து டீச்சர் உச்சியில் கொண்டை போட்டு வந்தார். அதோடு உயரம் அளந்தால் எண் இருபத்திரண்டு சொச்சம். டீச்சருக்குச் சிரிப்பு. டாக்டர் உள்ளேயிருந்து, "கொண்டையை விட்டுட்டு அளங்க" என்றார். உயரம் குறைந்ததும் எண் இருபத்துநாலாய் ஏறிவிட்டது. நாலு பேர் முன்னால் அவிழ்க்கச் சொன்னதில் எனக்கே கூச்சம். டீச்சர் முடியை அள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நடு ஆஸ்பத்திரியில தலையை விரிச்சுப் போடச் சொல்லுதியளே, இது என்ன எழவு வீடா?"

இருபத்தேழு

மூட்டை தூக்குகிறவர் ஒருத்தருக்கு இருபத்தேழு வந்தது. "வாங்க, நம்ம கூட்டாளி" என்றேன், துணைக்கு ஆள் கிடைத்த தெம்பில். டாக்டர் டேப்பால் அவர் இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். தொப்பையே இல்லை. "சதை எது, கொழுப்பு எதுன்னு இந்த எண்ணுக்குத் தெரியாது, வயித்தையும் அளக்கணும்" என்றார். அந்த மனுசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் சுமக்கது முதுகுல. இந்தக்கா சுமக்கது இடுப்புல."

வரிசை முழுக்கச் சிரித்தது. முகத்தை வைக்க இடமில்லை.

என் முறை

போன மாதம் திருவேங்கடத்துக்காரப் பெண் ஒருத்தி ஏறமாட்டேன் என்று நின்றாள். "நீங்க ஏறுங்க, பெறகு நான் ஏறுதேன்." வரிசை பூராவும் என்னையே பார்த்தது. ஏறினேன். எழுபது. உயரக்கட்டையை அவளே என் தலையில் இறக்கினாள். நூற்றைம்பது. இரண்டையும் அவளே கத்தினாள். "முப்பத்தொண்ணு!" என்று மாரிச்செல்வி அங்கிருந்து கத்தினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதில்தான் இன்னும் கூசிப்போனேன்.

தலை நிமிராமல் இறங்கினேன். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தாள். "எனக்கு மட்டும் காதோட சொல்லுங்க மதினி."

டாக்டர் ரத்தம் பார்த்து, சுகர் எல்லையில் நிற்கிறது, நடந்தால் தப்பிக்கலாம் என்றார். தினமும் நடக்கிறேன்; எல்லாருடைய எண்ணையும் மாரிச்செல்வியிடம் நடந்துபோய்த்தான் சொல்கிறேன். ஆனாலும் இதுவரை என்னிடம் இளைத்திருப்பது குரல் மட்டும்தான்.